கேள்வி மூன்று

செம்பவாங்கில் திங்கட்கிழமை.
ஆசிரியர் அறைக் குளிரூட்டி
வழக்கம்போல என் தலைக்கு மட்டும் வீசுகிறது.
கோப்பி ஓ பையிலேயே ஆறிவிட்டது.
மேசையில் இருபத்து மூன்று தாள்கள்.

பத்து நாளும் எண்ணிக்கொண்டே இருந்தேன்.
சாங்கியில் எண்ணினேன்,
நோம்பென்னில் பேருந்து ஏறும்போது எண்ணினேன்,
படகு ஆற்றின் பாதியில் நின்றபோது எண்ணினேன்.
இருபத்து மூன்று, இருபத்து மூன்று.
ஒருநாள் காலை இருபத்து நான்கு வந்தது.
எங்கள் பள்ளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு
ஓர் ஊர்ப்பையன் வரிசையின் கடைசியில்
விறைப்பாக நின்றிருந்தான்.
அவனையும் எண்ணினேன்.
பெற்றோர் குழுவில் அன்றிரவு போட்டேன்:
"எல்லாரும் நலம்."

கேள்வி மூன்று:
இந்தப் பயணத்தில் நீ கற்றுக்கொண்டது என்ன?

பதினாறு பேர்
தாங்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று எழுதியிருக்கிறார்கள்.
அதில் நால்வருக்கு ஒரே எழுத்துப்பிழை.
ஒருத்தி, வெந்நீர் இல்லாமலும் குளிக்கலாம் என்று.
அவளை நம்புகிறேன்.

ஜியா வென் எழுதுகிறான்:
"எங்கள் சுவர் நேராக நின்றது.
நான் கை வைத்து நேராக வந்த முதல் காரியம்."

நேர்க்கோட்டுச் சமன்பாட்டை
என் வகுப்பில் ஒருநாளும் ஒழுங்காகப் போடாதவன்.
அந்தக் கழிப்பறைச் சுவருக்கு நூல் பிடித்தவன் அவன்தான்.
நாக்கைக் கடித்து, ஒரு கண்ணை மூடி,
செங்கல் செங்கலாக.
சுவர் இடப்பக்கம் சாய்ந்துகொண்டே போனதைக்
கணக்கு டீச்சர் பார்க்காமல் இருப்பேனா?

மூன்றாம் இரவு, மணி இரண்டு.
வயிறு சரியில்லை. டார்ச்சோடு இறங்கினேன்.
கொத்தனார் வுத்தி
எங்கள் நான்கு வரிசையையும் சத்தமில்லாமல் பிரித்து,
கல்லைத் துடைத்துத் துடைத்து
மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார்.
சின்ன விளக்கொன்றைப் பல்லால் கடித்திருந்தார்.
என்னைக் கண்டதும்
அவர் திருடனைப்போல விழித்தார்.
நான் திருடியைப்போல.
அவர் மொழி எனக்குத் தெரியாது.
டார்ச்சைச் சுவர்மேல் திருப்பினேன்.
விளக்கை வாயிலிருந்து எடுத்தார்,
தாடையை நீவிக்கொண்டார்,
வேலையைத் தொடர்ந்தார்.

நான்கரைவரை பிடித்துக்கொண்டு நின்றேன்,
கை மாற்றி, கை மாற்றி.
அந்தப் பத்து நாளில்
ஒருவருக்கு நான் உருப்படியாக உதவியது அது ஒன்றுதான்.
தொண்டு நேரக் கணக்கில் அதற்குக் கட்டம் இல்லை.

விடிந்ததும் ஜியா வென் ஓடிவந்து
சுவரைத் தடவிப் பார்த்தான்.
வுத்தி கட்டைவிரலை உயர்த்தினார்.
நானும் உயர்த்தினேன்.
பொய் சொன்னதற்காக
எத்தனை பேரை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன்!

சிவப்புப் பேனாவைத் திறக்கிறேன், மூடுகிறேன்.
சொன்னால் இவனிடமிருந்து என்ன போகும் என்று தெரியும்.
சொல்லாமல் வுத்தியிடமிருந்து போனதை
யாரும் கேட்கவில்லை:
பகலெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு
ராத்தூக்கம் இல்லாமல்
ஒரே சுவரை இரண்டாம் முறை கட்டியது.

அடுத்த தாள் ஹஃபீஸா.
எதற்கும் கை தூக்காத பெண்.
"மிஸ், சுவருக்குத் தண்ணீர் தெளிப்பது என் வேலை.
நாலாம் நாள் காலை
முந்தாநாள் சுவரில் விரல் வைத்தேன்.
சிமெண்டு ஈரம். விரல் உள்ளே போனது.
ஓட்டையை மூடிவிட்டேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
இந்தத் தாளை ஜியா வென் படிப்பானா?"

ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
மாட்டான்.
கொஞ்ச நேரம் கழித்து, அதன் கீழே:
நானும் சொல்லவில்லை.

கணினியில் அடுத்த ஆண்டுப் படிவம் வந்து கிடக்கிறது.
கொசு மருந்து. கையுறை, இருபத்து மூன்று ஜோடி.
டார்ச், ஒன்று. அதை இரண்டாக்கினேன்.
இதர செலவு என்ற வரியில்
கொத்தனார், இரவுக்கூலி என்று தட்டினேன்.
பக்கத்துக் கட்டம் காரணம் கேட்கிறது.
கர்சர் துடிக்கிறது.

மணி அடித்துவிட்டது.
உயர்நிலை மூன்று, மறுபடியும் நேர்க்கோடு.
அளவுகோலை எடுத்துக்கொண்டு
எழுந்திருக்கிறேன்.